காய்ச்சல் தெரியாத இடம்

இரண்டு தட்டு. உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்துக்கொண்டு ஈர முதுகின் மேல் டப், டப் என்று தட்டுவாள். திரும்பிப் படு என்று அர்த்தம். மல்லாந்திருப்பவள் ஒருக்களிக்க வேண்டும், ஒருக்களித்தவள் குப்புற விழ வேண்டும். பாதித் தூக்கத்தில் கிடந்தாலும் நம் உடம்பு அந்தத் தட்டுக்குத் தானாகக் கீழ்ப்படிந்துவிடும். மொக்போ துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத் தெருப் பெண்கள் குளியல்கூடத்தில், பில்நாம் எங்களையெல்லாம் பல வருடங்களாக இப்படித்தான் புரட்டிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வாயை அவள் ஊர்வம்புக்கும் பாட்டுக்கும் வைத்திருக்கிறாள்.

கறுப்பு உள்ளாடை, ரப்பர் செருப்பு, இரண்டு கையிலும் மணல்தாள் மாதிரி முரட்டுக் கையுறை. அதுதான் அவளுடைய சீருடை. வெந்நீர்த் தொட்டியில் அரை மணி ஊறி வந்தவளை ரப்பர் விரித்த மேசையில் கிடத்தி, கழுத்திலிருந்து குதிகால் வரை உரிப்பாள். அழுக்கு திரி திரியாக உருண்டு வரும். நாம் கூச்சப்படுவோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்வாள்: "எங்க போயிருந்தீங்கக்கா இத்தனை நாளா? இந்த முதுகுல முள்ளங்கி நட்டா ரெண்டு மூட்டை எடுக்கலாம் போலிருக்கே!" அதைக் கேட்டு வெந்நீர்த் தொட்டியே சிரிக்கும்.

மேசைக்கு மேலே சுவரில் வரிசையாகக் கொக்கிகள். தேய்த்துக்கொள்ள வருபவள் தன் துணிப்பெட்டியின் சாவியைக் கடைசிக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தொட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். வரிசையை பில்நாம் பார்த்துக்கொள்வாள். சாவியை முன்னால் நகர்த்தி மாட்டிய ஒருத்தியை அவள் முழங்கை வரை தேய்த்ததோடு நிறுத்தி மேசையிலிருந்து எழுப்பிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். அடுத்ததாவது கண்டிப்பாக ஆணாக இருக்கட்டும் என்று வைத்த பெயர் பில்நாம்; 'நிச்சயம் ஆண்' என்று அர்த்தம். அடுத்ததும் பெண். "எம் பேரு பலிக்கல, கை பலிச்சுது" என்பாள். தேய்க்கும்போது பழைய காதல் பாட்டுகளை இழுத்து இழுத்துப் பாடுவாள். நல்ல குரல். ஈரச் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும்போது இன்னும் நன்றாக இருக்கும். கீழ்த்தெருவில் துணி திருத்தும் கடை வைத்திருக்கும் நான், வாரம் ஒரு முறை அங்கே போவது பாதி அந்தப் பாட்டுக்காக.

போன இலையுதிர் காலத்தில் அவள் இளைக்க ஆரம்பித்தாள். இரண்டு ஆள் சோறு சாப்பிடுவாள், இருந்தும் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. "என்ன மருந்துடி சாப்பிடுறே, எங்களுக்கும் சொல்லேன்" என்று அரிசிக்கேக் கடைக்காரி துக்சிம் பொறாமைப்பட்டாள். பிறகு கை நடுங்கியது. "காசு வாங்காம மசாஜும் சேத்துப் பண்றேன்" என்று அதையும் சிரிப்பாக்கினாள். வெந்நீருக்கும் ஆவிக்கும் நடுவிலேயே வாழ்ந்தவளுக்குத் திடீரென்று சூடு தாங்கவில்லை. ஒவ்வொரு முதுகுக்கும் நடுவில் குளிர்நீர்த் தொட்டியில் போய் விழுந்து வந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிற ஜாதி.

தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார் மருத்துவர். அதை அடக்கச் சின்ன மாத்திரை கொடுத்தார், கடற்பாசியைக் குறைக்கச் சொன்னார். எங்கள் ஊரில் பிறந்தநாளென்றால் கடற்பாசி சூப் குடித்தாக வேண்டும்; அவள் முள்ளங்கி சூப் குடித்தாளாம். "பொறந்தேனாங்கறதே சந்தேகமாப் போச்சுக்கா." ஆனால் கை நடுக்கம் நின்றது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. நாங்கள் நிம்மதியானோம்.

மூன்றாவது வாரம் தடிப்பு வந்தது. தொடையில் தொடங்கி வயிறு, முதுகு, கை என்று சிவந்து சிவந்து வீங்கியது. தின்ற கானாங்கெளுத்தி மீன் சேரவில்லை என்றாள் ஒருத்தி, கோழி என்றாள் இன்னொருத்தி. மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோலில் எது வந்தாலும் ஒரே வைத்தியம்தான்: தேய்த்தால் போய்விடும். அடுத்தவர் தோலைத் தேய்த்தே பிழைக்கிறவளுக்குக் கேட்கவா வேண்டும்! கூடம் மூடிய பிறகு கல் உப்பை அள்ளிக்கொண்டு தானே தன்னைத் தேய்த்திருக்கிறாள். மறுநாள் காலை அவள் தொடையைப் பார்த்தேன். தோல் வழண்டு ரத்தம் கசிந்தது.

துணியில்லாத ஊரில் எதை மறைப்பது? அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தேய்த்தாள், அது நனைந்து உடம்போடு ஒட்டித் தடிப்பைப் படம் பிடித்துக் காட்டியது. வழக்கமாக வரும் ஒருத்தி எழுந்து போய்க் கொக்கியிலிருந்து தன் சாவியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டாள். பிறகு இன்னொருத்தி. பில்நாம் என் முதுகைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்று மறுபடி ஓடியதை என் முதுகு உணர்ந்தது. பாட்டு மட்டும் திரும்ப வரவில்லை.

மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: மாத்திரை ஒவ்வாமை. அதை நிறுத்தி, அரிப்பு அடங்க மருந்து கொடுத்து, வேறு ஒரு மாத்திரைக்கு மாற்றினார். தடிப்பு வாடி உதிர்ந்தது. சாவிகளும் ஒவ்வொன்றாகக் கொக்கிக்குத் திரும்பின. ஆனால் அவர் சொல்லி அனுப்பிய இன்னொன்று அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள்: "'தொண்டை வலிச்சு, காய்ச்சல் வந்தா, சளின்னு நெனச்சிராதம்மா. மாத்திரைய அப்பவே நிறுத்து. அன்னிக்கே வந்து ரத்தம் குடு. ராத்திரியானாலும் வா.' இந்த மாத்திரை ரொம்ப அபூர்வமா ரத்தத்துல இருக்கற காவக்காரங்களையே கொன்னுடுமாம்க்கா. அப்புறம் எந்தக் கிருமி வந்தாலும் கதவு தெறந்து கெடக்குமாம்."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு புதுப் பழக்கம். காலையில் முதல் ஆளை மேசையில் கிடத்துவதற்கு முன் வாயைப் பிளந்து நிற்பாள். "பாருங்க. செவப்பா இருக்கா? வெள்ளையா எதாவது தெரியுதா?" சீட்டுக் கொடுக்கும் முதலாளியம்மா பார்த்தாள், துக்சிம் பார்த்தாள், மீன் ஏலக்காரியும் பள்ளிக்கூட ஆசிரியையும் பார்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மேட்டுத் தெருவில் பில்நாமின் உள்நாக்கைப் பார்க்காத பெண் கிடையாது. "ஒண்ணுமில்லடி, இன்னிக்கு என்ன பாட்டு?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்வோம். சிரிப்புதான். ஆனால் வாயைப் பிளந்து நிற்கும்போது அவள் கண்கள் நம் முகத்தையே பார்க்கும், நம் புருவம் அசைகிறதா என்று.

இந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கழுத்தில் கத்திதான் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். கதிர்வீச்சு மருந்தைக் குடித்துச் சுரப்பியைச் சுருக்கும் வழியும் உண்டென்று மருத்துவர் சொன்னாராம். "அதக் குடிச்சா கொஞ்ச நாள் யாரையும் ஒட்டி நிக்கக் கூடாதாம். நான் ஒட்டி நின்னுதானே சாப்பிடுறேன்?" கத்தி மேல் பயம் வேறு மாதிரி. அவளுடைய மூத்த அக்காவுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்தபோது குரல் போய்விட்டது. சாகும்வரை காற்றாகத்தான் பேசினாள். "தட்டித் திருப்பறவளுக்குக் குரல் எதுக்குன்னு கேப்பாங்க. கேக்கட்டும். எனக்கு வேணும்" என்றாள் என்னிடம் ஒருநாள், மிகவும் மெதுவாக.

புத்தாண்டுக்கு முந்தைய நாள். ஊரே பழைய வருடத்து அழுக்கைக் கழற்ற வரும் நாள். அதிகாலையிலேயே கொக்கி முழுக்கச் சாவிகள், இடமில்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக. நான் என் முறைக்குப் போய்ப் படுத்தேன். முதுகு முடிந்து, இரண்டு தட்டு வாங்கித் திரும்பிய பிறகுதான் உறைத்தது: இன்று இவள் யாரிடமும் தொண்டையைக் காட்டவில்லை. பாடவும் இல்லை. பக்கத்தில் வைத்திருந்த ஐஸ் காப்பி குடிக்காமலே தண்ணீராகியிருந்தது. எச்சில் விழுங்கும்போது தாடையை மார்போடு அழுத்திக்கொண்டு விழுங்கினாள்.

"பில்நாம், வாயைக் காட்டு."

"சும்மா படுங்கக்கா. பேசினா வயிறு ஆடுது, தேய்க்க வரல."

"தொண்டை வலிக்குதா?"

"நேத்து ஜன்னலத் தொறந்து வச்சுத் தூங்கிட்டேன். சளி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் மேசையில் எழுந்து உட்கார்ந்தேன். சளி என்று நினைத்துவிடாதே என்று எங்களுக்கு நடித்துக் காட்டியவளே அவள்தான். துக்சிம் தொட்டியிலிருந்தே கத்தினாள்: "சளின்னா இஞ்சி போட்டுக் குடி! ஆவி அறைல போய் உக்காரு, வேர்த்தாப் போயிடும்!" வேறு நான்கு குரல்கள் ஆமாம் போட்டன. பில்நாம் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "அதான். ஒரு வேர்வை வேர்த்துட்டு வரேன்" என்று கையுறையைக் கழற்றாமலே நடந்தாள்.

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். அங்கே எல்லார் நெற்றியும் கொதிக்கும். எல்லார் முகமும் சிவந்திருக்கும், எல்லாருக்கும் வேர்க்கும். காய்ச்சலோடு ஒருத்தி நாள் முழுக்க நடமாடினாலும் கண்டுபிடிக்க முடியாத இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது எங்கள் குளியல்கூடம்தான். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. நேற்றிலிருந்து அதற்குள்தான் ஒளிந்துகொண்டிருந்தாள்.

ஆவி அறைக் கதவருகில் அவள் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு போய்க் குளிர்நீர்த் தொட்டியில் இறங்கினேன், அவளையும் இறக்கினேன். எனக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. பற்கள் அடித்துக்கொண்டன. தோள் வரை மூழ்கி, அவளை விடாமல் பிடித்தபடி நின்றேன். என் விரல்கள் மரத்துப்போனதும் இருவரும் வெளியே வந்தோம். என் தோல் மீன் கடைப் பெட்டியிலிருந்து எடுத்தது போலச் சில்லிட்டிருந்தது. அதே தண்ணீரில் நின்ற அவள் கழுத்தில் கை வைத்தேன். அடுப்பு.

"துக்சிம்! இங்க வா. இவ கழுத்தத் தொட்டுப் பாரு."

துக்சிம் தொட்டாள். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "ஐயோ, வாயத் தெறடி." பில்நாம் மாட்டேன் என்று தலையாட்டினாள். பிறகு, என்ன நினைத்தாளோ, திறந்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். என் புருவம் அசைந்துவிட்டது. அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள்க்கா" என்றாள். குரல் கம்மியிருந்தது. "புத்தாண்டு கழிச்சுப் போறேன். இத்தனை சாவி தொங்குது, எப்படி விட்டுட்டுப் போவேன்? நிறுத்தினா கத்திதான் அக்கா. எங்கக்கா மாதிரி ஆயிடுவேன்."

துக்சிம் மேசைக்குப் போனாள். கொக்கியிலிருந்து தன் சாவியை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். "என் அழுக்கு எங்கயும் ஓடிப்போயிடாது. கெளம்பு." மீன் ஏலக்காரி எடுத்தாள். ஆசிரியை எடுத்தாள். அன்றைக்குத் தடிப்பைப் பார்த்து முதலில் சாவியை எடுத்தாளே, அவளும் வந்து எடுத்துக்கொண்டு, பில்நாமின் தோளில் தன் துண்டைப் போர்த்தினாள். கொக்கிகள் காலியானதைப் பார்த்த பிறகுதான் பில்நாம் கையுறையைக் கழற்றினாள். அப்போதும் மேசை மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வந்தாள்.

டாக்ஸியில் என் கோட்டையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். "குரல் போயிடுமா அக்கா?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். போகாது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? குரலைப் பற்றி அல்ல என் பயம்.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த இளம் மருத்துவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை. இன்னும் இரண்டு நாள் சளி என்று இருந்திருந்தால் என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டார். அந்த இரண்டு மாத்திரையும் இனி அவளுக்கு வாழ்நாள் முழுக்கக் கூடாது. அணுக்கள் திரும்பி வரும்வரை தனி அறை. வருமா என்று கேட்டேன். பெரும்பாலும் வரும் என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் இந்த வாரத்தை ஓட்டுகிறேன்.

அறைக்குக் கண்ணாடிக் கதவு. யாரும் உள்ளே போகக் கூடாது, யாரும் தொடக் கூடாது. ஊரில் ஒரு பெண் பாக்கியில்லாமல் எல்லாரையும் தொட்டவள் உள்ளே கிடக்கிறாள். மேட்டுத் தெருவில் கூடம் திறந்திருக்கிறது, மேசை காய்ந்து கிடக்கிறது. நேற்று மாலை போனபோது முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. காய்ச்சல் இறங்கவில்லையாம். நான் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். நேரமாகிவிட்டது என்று செவிலிப் பெண் சொன்னதுகூடக் காதில் ஏறவில்லை. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

பில்நாம் என்னைப் பார்த்தாள். குழாய் செருகிய கையை மெல்லத் தூக்கி, உள்ளங்கையைக் குழித்து, கட்டில் ஓரத்தில் இரண்டு முறை தட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. நான் திரும்பினேன்.