கூட வருவீர்களா?

துணி அறையில் துண்டுகளை மடித்துத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள் சிட்டு. அந்த ஓட்டலில் அறை சுத்தம் செய்பவர்களில் அவள் வேகம் யாருக்கும் வராது; பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். இன்று கை ஊர்ந்தது.

போன மாதம் நாலாவது மாடியில் ஓர் அறைக் கதவை முறைப்படி தட்டினாள், குரல் கொடுத்தாள். பதில் இல்லையே என்று திறந்து உள்ளே போனாள். படுக்கையிலிருந்து துள்ளி எழுந்த ஆள் "திருடி!" என்று கத்தினார். கதவைத் தாழிட்டு, மேனேஜர் வரும்வரை அவளைச் சுவரோரம் நிற்கவைத்தார். பர்ஸ் அவர் பெட்டியிலேயே கிடைத்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்டது சிட்டுதான்.

அன்றிலிருந்து மூடிய கதவைக் கண்டாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வீட்டில் குளியலறைக் கதவைக்கூடச் சாத்த விடுவதில்லை. "உன்னால நான் பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்க வேண்டியிருக்கு" என்று கிண்டலடித்த புருஷன், அவள் வாசல் கதவையும் திறந்தே போட்டுவிட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து கிண்டலை நிறுத்திவிட்டான்.

இதுவரை தோழி ஒருத்தி கதவுகளைத் திறந்துவிட, சிட்டு உள்ளே போய் வேலையை முடித்தாள். அந்தத் தோழியை இன்று வேறு மாடிக்குப் போட்டாயிற்று.

சூப்பர்வைசர் அக்கா உள்ளே வந்தாள். அவளும் ஒரு காலத்தில் அறை கூட்டியவள்தான்.

"இன்னும் மேல போகலையா நீ?"

"கதவு திறக்க வரமாட்டேங்குதுக்கா."

"ஏன், சாவி அட்டை வேலை செய்யலையா?"

"அட்டை செய்யுது. நான்தான் செய்யலை."

அக்கா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கதவைச் சாத்தப் போனாள்.

"முழுசா சாத்தாதீங்க!"

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். "இதை யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதடி. பைத்தியம்னு பட்டம் கட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. முதுகுவலின்னு சொல்லு, ரெண்டு நாள் லீவு வாங்கித் தர்றேன்."

"ரெண்டு நாள் கழிச்சும் அதே கதவுதானேக்கா?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. என்னதான் பண்ணச் சொல்ற?"

"முதல் அறைக்கு மட்டும் கூட வாங்க. பின்னால நின்னா போதும். தட்டுறது நான்."

அக்காவின் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. "நாலாவது மாடி ஆரம்பிச்சாச்சா?" மேனேஜர் குரல்.

"ஆச்சு சார்."

அக்கா வண்டியிலிருந்து ஒரு துண்டை உருவினாள். சரியாக மடித்திருந்ததையே பிரித்து, மறுபடி மடிக்கத் தொடங்கினாள். தலை நிமிரவில்லை.

"வர்றீங்களாக்கா?"

விளிம்போடு விளிம்பு சேர்த்துத் துண்டை நீவிக்கொண்டே இருந்தாள் அக்கா. சிட்டு சற்று நின்று பார்த்தாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு தனியாக நாலாவது மாடிக்குக் கிளம்பினாள்.