ஆறை அரையால் வகுத்தவன்

பழவங்காடி காப்பிக் கடையில், எங்கள் தலைமையாசிரியர் திடீரென்று தலைக்கு மை பூச ஆரம்பித்திருப்பதன் மர்மத்தை நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பொன்முடித் தேயிலைத் தோட்டத்து லாரியில் வந்த கிளார்க் என் மேஜையருகே நின்றார். "ஸாரே, உங்க கூட்டுக்காரர் ஞானசிகாமணி வாத்தியார் போயிட்டார். காய்ச்சல். அங்கேயே அடக்கம் பண்ணியாச்சு." என் வாயில் பாதி வடை இருந்தது. அதை விழுங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிக்கும் பழைய தோழர்களே, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நம்மோடு படித்த அவனை உங்களுக்கு நினைவிருக்கும். நாகர்கோவில் பக்கத்து வேதக்காரக் குடும்பம்; ஞாயிறு தவறாமல் சர்ச். ஒரே வேட்டியைத் தினம் துவைத்து உடுத்தியவன். நாமெல்லாம் கணக்கை மனப்பாடம் செய்தோம். அவன் புரிந்துகொள்ளப் பார்த்தான். அதனால் எப்போதும் பின்தங்கினான்.

விமரிசனப் பாடம் என்று ஒன்று இருந்ததே! நம்மில் ஒருவன் நிஜக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் பின்பெஞ்சில் இருந்து குற்றங்களைக் குறித்துக்கொண்டு, முடிவில் எழுந்து கேட்க வேண்டும். சர்ட்டிபிக்கேட் கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான். அவனுக்கு வந்தது பின்ன வகுத்தல். "ஆறை அரையால் வகுக்கணும்னா, அரையைக் கவுத்துப் போட்டுப் பெருக்கணும். பன்னிரண்டு" என்று முடித்தான்.

நான் எழுந்தேன். "பங்கு வெச்சா குறையணுமே, மாஸ்டரே! ஆறு எப்படிப் பன்னிரண்டாச்சு? கல்யாண வீட்டு ரசமா, ஆள் வர வரத் தண்ணி விடறதுக்கு?"

குழந்தைகள்கூடச் சிரித்தார்கள். அவன் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தான். பிறகு பயிற்சி ஆசிரியரிடம் திரும்பி, "தெரியல்ல சார்" என்றான்.

"தனக்கே தெரியாததைக் குட்டிகளுக்கு எப்படியப்பா படிப்பிச்சுக் கொடுப்பே?" என்றார் அவர். தோல்வி.

மறுவாரம் அதே பாடத்தை நான் நடத்தினேன். விதியை ராகம் போட்டுச் சொல்ல வைத்தேன். குறுக்கே கேட்கக்கூடிய ஒரே வாய் என்னுடையது. அது பாடம் நடத்திக்கொண்டிருந்தது. தேறிவிட்டேன்.

சர்ட்டிபிக்கேட் இல்லாதவனைச் சர்க்கார் பள்ளி எடுக்காது. இன்னொரு வருஷம் படிக்க அவன் வீட்டில் வழியில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைப் பள்ளிதான் அவனை எடுத்துக்கொண்டது. ஓணத்துக்கு ஓணம் இறங்கி வருவான். ஒருதடவை காப்பியை ஆற்றிக்கொண்டே, "நீ கேட்ட கேள்வி கொள்ளாம்டே, நல்ல கேள்விதான். கேட்ட விதந்தான் கொள்ளாது" என்றான். நான் உடனே யாரைப் பற்றியோ வம்பு பேசத் தொடங்கினேன்.

போன ஆடியில், கர்க்கடக மழையின்போது, அவன் கடிதம் வந்தது. "உன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இங்கே லயம் முழுக்கக் காய்ச்சல். யுத்தத்தால் கொயினா மாத்திரை வருவதில்லை. பள்ளிக்கு ஆறு மாத்திரை கொடுத்தார்கள். ஆளுக்கு அரை என்று உடைத்தேன்; பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வந்தது. ஆறுக்குள் எத்தனை அரை என்பதுதானே கேள்வி! அன்றைக்குத் தோன்றவில்லை பார். ஆனால் வரிசையில் பதினாறு பேர் நின்றார்கள். மீதி நாலு பேருக்கு ஏதாவது விதி உண்டா? விசாரித்து எழுது."

வேடிக்கையாக ஏதாவது பதில் எழுதலாம் என்று யோசித்தேன். வரவில்லை. எழுதவேயில்லை.

அந்த நாலு பேரில் இருவர் இப்போது இல்லையாம்; காப்பிக் கடையில் நான் விசாரித்தபோது கிளார்க் சொன்னார். "வாத்தியாருக்கு மாத்திரை?" என்று கேட்டேன்.

"அவர் வரிசையில நிக்கலையே, ஸாரே."

இப்போது அந்தப் பாடம் வந்தால் ஆறு வட்டம் போட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு கிழிக்கிறேன். பன்னிரண்டு வருகிறது; குழந்தைகளுக்குப் புரிகிறது. அது அவனுடைய பாடம். பின்பெஞ்சிலிருந்து கேட்ட அன்று எனக்கும் விடை தெரியாது. இத்தனை ஓணத்தில் ஒரு ஓணத்துக்காவது அவனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். அந்த நாலு பேரைப் பற்றிக் கேட்டானே, அதற்காவது ஒரு கார்டு போட்டிருக்கலாம். எல்லார் முன்னாலும் அவன் துணிந்து சொன்ன வார்த்தைதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதையே பதிலாக எழுதுகிறேன்: தெரியல்ல, சிகாமணி.