ஒரு நீடில் நுனி, ஐந்து பெட்டி, டாக்டரம்மாவின் மூன்று வசனங்கள்

பிப்ரவரி 13, வியாழக்கிழமை, மதியம் 1.52. வெளியே 34 டிகிரி வெயில், காற்று துளியும் இல்லை. எங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் ஹாலிலிருந்து அன்று போக வேண்டியது 75 அட்டைப் பெட்டிகள். பெட்டிக்கு 48 வீதம் 3,600 குழந்தை உடுப்புகள். 70 பெட்டிகள் லாரியில் ஏறிவிட்டன. மீதி ஐந்துக்கு அப்போதுதான் டேப் ஒட்டி முடித்திருந்தோம். ஆறு மணிக்கு லாரி தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங்கும் ஃபைனல் செக்கிங்கும் என் பொறுப்பு. நான் நான்காவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது டெய்லர் ஜெசிந்தா வந்து நின்றாள். விளாத்திகுளம் பக்கத்துப் பெண், எங்களிடம் சேர்ந்து 14 மாதம். உள்ளங்கையில் ஒரு நீடில். நுனி இல்லை.

"சார், நீடில் ஒடிஞ்சிட்டு. நுனியக் காங்கல."

"எப்ப ஒடிஞ்சுது?"

"ஒன்றரைக்கு. கெடைச்சிரும்னு நானே தேடுனேன்."

இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் அவள் தைத்த கூடையை ஹெல்ப்பர் தூக்கிக்கொண்டு போய், அந்த 30 உருப்படிகளும் அயர்ன் ஆகி, கடைசி ஐந்து பெட்டிகளில் கலந்துவிட்டன.

தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீடில் ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, முழு நீடில் போலப் பொருத்தி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் ஸ்டோரில் புது நீடில் கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினிலிருந்து வந்த சரக்கு வெளியே போகக் கூடாது. நான்கு மில்லிமீட்டர் இரும்பு ஒரு கைக்குழந்தையின் முதுகில் உறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தால் விதி கடுமையாகத் தெரியாது. இதற்கு மேல் எங்கள் ஓனர் அந்தத் திங்கட்கிழமைதான் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்: "இனி ஒரு நுனி காணாமப் போனா, அந்த டெய்லரும் அன்னைக்கே கேட்டத் தாண்டிப் போயிரலாமுங்க." ஜெசிந்தா யாரிடமும் சொல்லாமல் தானே தேடியது அதனால்தான்.

நான் வாயைத் திறந்தேன். வந்திருக்கும் வசவு எனக்குத் தெரியும். செக்கிங் மேஜையிலிருந்து சரஸ்வதி அம்மா குறுக்கே விழுந்தார். சோமனூர்க்காரர், செக்கிங்கில் 26 வருடம்.

"ஏனுங்கய்யா, டாக்டரம்மா சொன்னது மறந்து போச்சுங்களா?"

டாக்டரம்மா என்பது செல்போனில் வரும் ஒரு மருத்துவமனைத் தொடரின் பெரிய சர்ஜன். சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் பெண்கள் ஒரே போனைத் தண்ணி பாட்டிலில் சாய்த்து வைத்து, 11 பேர் பார்ப்பார்கள். நான் பார்ப்பதில்லை. பக்கத்து மேஜையில் மோர் சாதம் சாப்பிடுவேன், காதில் விழும். விழுந்த நல்ல வசனங்களை டைரியில் எழுதி வைத்தேன். அதுவரை 41. அதில் இது 17-ஆவது: "தப்பச் சொல்ல வந்தவங்கள மொதல்ல உக்கார வை. திட்டறத அப்பறம் வெச்சுக்கலாம்."

ஹாலில் இருந்தது ஒரே நாற்காலி, என்னுடையது. கொடுத்தேன். உட்கார்ந்ததும் ஜெசிந்தாவுக்குப் பேச்சு வந்தது. ஒடிந்த சத்தம் கேட்டதும் மெஷினை நிறுத்தியதாகவும், கையில் இருந்த உருப்படியை உதறிப் பார்த்ததாகவும், முந்தைய உருப்படிகளை மட்டும் பார்க்க முடியவில்லை என்றும் வரிசையாகச் சொன்னாள். நிற்கவைத்துத் திட்டியிருந்தால் "தெரியல சார்" என்ற ஒரே பதில்தான் வந்திருக்கும்.

1.55-க்கு என் காந்தக் கோலை எடுத்து அவள் மெஷினின் அடியில், பக்கத்தில், தரையில் எட்டடி தூரத்துக்குத் துழாவினேன். பார்த்தவரை ஒன்றும் ஒட்டவில்லை. அப்படியென்றால் நுனி உடுப்புக்குள்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

டைரியில் 5-ஆவது வசனம்: "எண்ணி முடிக்காம வயித்தத் தைக்காத." ஆபரேஷனுக்கு எடுத்த கத்தரி, பஞ்சு எல்லாம் எண்ணிக்கையில் சரியாக வந்த பிறகுதான் தையல் போட வேண்டுமாம். எனக்குப் பிடித்த வசனம். ஐந்து பெட்டிகளையும் பிரிக்கச் சொன்னேன்.

"ஒட்டி பத்து நிமிசங்கூட ஆகலீங்க," என்றார் சரஸ்வதி அம்மா.

"வயித்தத் தெறக்கணுமுங்க."

"நல்லா சொன்னீங்க போங்க. இதுக்குத்தான் பக்கத்து மேஜைல உக்காந்து காத நீட்டிக்கிட்டு இருந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாகூட. 240 உருப்படிகளையும் பாலிதீன் கவரிலிருந்து உருவி, இரும்பு இருந்தால் கத்தும் நீடில் டிடெக்டரில் ஒவ்வொன்றாக விட்டோம். 88-ஆவது உருப்படியில் மெஷின் கத்தியது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். உடுப்பில் ஒன்றுமில்லை. சரஸ்வதி அம்மாவின் சேலைப் பின் அதோடு சேர்ந்து போயிருந்தது.

"முந்தானை அவுந்ததுகூடத் தெரியாம வேலை பாக்கறேன், சம்பளத்த ஏத்தச் சொல்லுங்க," என்றார்.

240-ம் முடிந்தது. நுனி இல்லை. 3.20-க்கு ஓனர் வந்தார். வயது 34, அப்பாவுக்குப் பிறகு கம்பெனியைப் பார்ப்பவர்.

"ஏனுங்கய்யா, ஒட்டின பொட்டியெல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

"நீடில் நுனி ஒண்ணு காணோமுங்க."

"யாரு மெஷினு?"

ஜெசிந்தா எழுந்திருக்கப் பார்த்தாள். சரஸ்வதி அம்மா தோளில் கை வைத்து அழுத்தினார்.

"தேடிட்டிருக்கோமுங்க. முடிஞ்சதும் பேரச் சொல்றேன்," என்றேன்.

"அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லீனா எழுபதோட வண்டி போகட்டும். அந்த டெய்லரும் போகட்டும்."

அவர் போன பிறகு நான் மறுபடியும் தரையைத் துழாவினேன். மூன்றாவது முறை. அதே எட்டடி. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்ட நேரத்தைக்கூட மறந்திருந்தேன். மணி 4.02. ஜெசிந்தா நாற்காலியிலிருந்தே மெதுவாகக் கேட்டாள்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீயளே?"

"சொல்லு கண்ணு."

"போன வாரம் ஒரு சீன்ல இடுக்கியக் காணும்னு நோயாளி வயித்தத் திரும்பத் தெறக்கப் போவாங்கள்ளா. அப்ப டாக்டரம்மா நர்ஸ்கிட்ட, 'அவர் வயித்துல தேடுறதுக்கு முன்னாடி உன் தட்டுல தேடு'ன்னு சொல்லுவாங்க. பஞ்சுக்கு அடியில கெடக்கும்."

"அது எனக்கும் தெரியும். முப்பத்தெட்டாவது வசனம். என்கிட்ட ஏது தட்டு?"

"கையில வச்சிருக்கீயளே சார்."

காந்தக் கோலைத் திருப்பிப் பார்த்தேன். வாங்கி ஏழு வருடம். தினமும் துழாவுவேன், ஆணியும் பின்னும் ஒட்டினால் எடுப்பேன். ஆனால் பனியன் துணியின் பஞ்சு அதில் படிந்து படிந்து, ஒரு குட்டி எலி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் உப்பியிருந்தது. அதை ஒரு நாளும் நான் பிய்த்ததில்லை.

வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பஞ்சை உரித்தோம். மூன்று குண்டூசி, ஒரு ஸ்டேப்ளர் பின், அப்புறம் பளபளவென்று நான்கு மில்லிமீட்டர் நுனி. ஜெசிந்தா தன் நீடிலோடு அதைப் பொருத்தினாள். முடி அளவும் பிசகவில்லை. சரஸ்வதி அம்மா என் காந்தத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்டரை எடுத்து வந்தார்.

4.09-க்கு ரிஜிஸ்டரில் ஒட்டிவிட்டு ஓனர் அறைக்குப் போனேன்.

"டெய்லர் பேரச் சொல்லுங்க."

"மொதல்ல என் பேர எழுதிக்குங்க. அந்தப் புள்ள லேட் பண்ணது 22 நிமிஷமுங்க. காந்தத்துலயே நுனிய வெச்சுக்கிட்டு நான் லேட் பண்ணது 134 நிமிஷம். கேட்டத் தாண்டறதுன்னா வரிசைல நாந்தான் முன்னாடி."

பஞ்சுருண்டையை மேஜையில் வைத்தேன். அவர் பேனாவால் அதைப் புரட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இத வெச்சு ஒரு தலகாணியே தெச்சிருக்கலாமுங்களே. போங்க, போய் ஒட்டுங்க. உங்கள அனுப்பிட்டா பொட்டிய நாலு தடவ யாருங்க எண்ணுவாங்க?"

அவர் அதற்குப் பிறகு பெயரைக் கேட்கவேயில்லை. லாரி 5.48-க்கு 75 பெட்டிகளோடு கிளம்பியது. ஹாலில் 11 பெண்களும் கை தட்டினார்கள். ஜெசிந்தா மறுநாள் பனங்கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து, எனக்குச் சர்க்கரை வியாதி என்பதால் எனக்கு மட்டும் எண்ணி இரண்டு கொடுத்தாள்.

அடுத்த வாரமே ரிஜிஸ்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டேன். நீடில் ஒடிந்தது என்று வருகிறவர் முதலில் அதில் உட்கார வேண்டும். பிப்ரவரி வரை மாதத்துக்கு இரண்டு நீடில் ஒட்டிய ரிஜிஸ்டரில், மார்ச்சில் ஒன்பது ஒட்டினோம். ஓனர் பதறிவிட்டார்.

"நீடில் மட்டமா வருதுங்களா? வேற கம்பெனி மாத்திரலாமா?"

"ஒடியறது எப்பவும் ஒடியறதுதானுங்க. முன்னெல்லாம் பயந்துக்கிட்டு வெளிய கடைல சொந்தக் காசுக்கு வாங்கி மாட்டிக்கிட்டாங்க. இப்பத்தான் நம்மகிட்ட வந்து சொல்றாங்க."

இதை ஸ்டூலில் உட்கார்ந்தவர்களே என்னிடம் சொன்னார்கள். ஏழு வருடமாக நான் மாதம் இரண்டு என்று எண்ணி, கணக்கு சுத்தமாக இருப்பதாக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். பயமிருக்கும் இடத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அது நல்ல எண்ணிக்கை இல்லை. இளைஞர்கள் இதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், மற்ற 38 வசனங்கள் பெரும்பாலும் காதலைப் பற்றியவை.

செலவை ஓனரிடம் கேட்கவில்லை, தாமதம் என்னுடையது. ஸ்டூல், புதுக் காந்தம், அதைத் தினமும் துடைக்க ஒரு பிரஷ், பிரித்த பெட்டிகளுக்கு டேப்: எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 724 ரூபாய்.