குளிர்ந்து கிடந்த கார்டு

கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றித் திருவண்ணாமலையில் என்னளவுக்கு யாருக்கும் தெரியாது என்று இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையாகவே இருந்திருக்கலாம். வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. நான் வேலை பார்த்த கடையில் பில் போடுவதற்கும் ஜாதகம் கணிப்பதற்கும்தான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தோம். அந்த வேலைக்கு மதர்போர்டோடு வருகிற கிராபிக்ஸே ஜாஸ்தி.

ஆனாலும் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். மாதாமாதம் கம்ப்யூட்டர் பத்திரிகையைப் பார்த்து அதில் கட்டம் போட்டு எழுதுவேன். எந்தக் கார்டுக்கு எத்தனை எம்பி மெமரி, அந்த மெமரிக்குப் போகும் பாதை அறுபத்து நான்கு பிட்டா, நூற்று இருபத்தெட்டா, எந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் திரையில் வினாடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம், மாறுகிறது, எல்லாம் அதில் இருக்கும். அட்டைப்பெட்டியில் மெமரியைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பாதையைப் பாதியாகக் குறைத்து ஏமாற்றும் கார்டுகள் மீது எனக்கு அப்படியொரு கோபம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அறுப்பேன். நோட்டில் இருந்த கார்டுகளில் ஒன்றைக்கூட நான் கையால் தொட்டதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அந்த அக்கா வந்தது அப்போதுதான். அவருடைய கணவர் கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவர். எடுத்த கேசட்டை, வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கும் மிக்ஸிங்குக்காக வேலூருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அதனால் அக்காவே சென்னையில் தங்கி மிக்ஸிங் படித்துவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் ரோஜாப்பூவுக்குள் வைப்பது, பனிமலைக்கு முன்னால் நிறுத்துவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்பது வயது மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு ஆறு மாதம் படித்த படிப்பு அது.

என்னென்ன வாங்க வேண்டும் என்று வகுப்பெடுத்தவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு ஜிபி ராம், இரண்டு ஹார்ட் டிஸ்க், சாதாரண கிராபிக்ஸ் கார்டு போதும்.

"ராம் கம்மியாப் போட்டா பாதியில நின்னுடும்னு சொன்னாருங்க தம்பி" என்றார் அக்கா.

தாளில் இருந்தது அத்தனையும் சரி. அன்றைய மிக்ஸிங் மென்பொருள் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் நோட்டின் முதல் வரியில் இருந்த கார்டை, யாராவது வாங்கிக்கொள்வதாக இருந்தால் சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அந்தக் கார்டைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

"அவரு பழைய ஆளுக்கா. இப்பல்லாம் வீடியோன்னாலே கார்டுதான். கார்டைப் பெருசாப் போட்டுக்குங்க, ராமை அப்புறம் ஏத்திக்கலாம்" என்றேன். நோட்டைத் திறந்து கட்டங்களைக் காட்டினேன். அவர் கோயிலில் நிற்பதுபோல நின்று பார்த்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றார். கார்டின் விலையை ஈடுகட்ட ராம் கால்வாசியாகக் குறைந்தது. ஒரு ஹார்ட் டிஸ்க் அடியோடு போனது.

கார்டு வந்ததும் நான்கு நாள் அந்தக் கம்ப்யூட்டரைக் கடையிலேயே வைத்துக்கொண்டேன். அக்கா போன் செய்தபோதெல்லாம் டெஸ்டிங்கில் இருக்கிறது என்றேன். உண்மையில் நான் விளையாடிக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் பிரேம் எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கப் பார்க்கத் தலைகால் புரியவில்லை. பத்திரிகையில் போட்டிருந்ததைவிட என் எண் கொஞ்சம் கம்மி. ஏன் என்று யோசித்து, 'ராம் போதவில்லை' என்று நோட்டில் என் கையாலேயே எழுதினேன். எழுதிவிட்டு, அதே கம்ப்யூட்டரை மூட்டை கட்டி அனுப்பி வைத்தேன். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

அக்காவின் முதல் வேலை அவர் தெருவிலேயே நடந்த கல்யாணம். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. விமானம் ஏறுவதற்குள் சிடி கையில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"மூணாவது வாட்டியா பாதியில நின்னுடுச்சுங்க தம்பி. மாப்ள நாளைக்குக் கெளம்புறாரு" என்று அக்கா போனில் அழாத குறையாகச் சொன்னார். பஸ் பிடித்துப் போனேன். கல்யாணப் பெண்ணின் அப்பா கம்ப்யூட்டர் பக்கத்திலேயே கைகட்டி நின்றிருந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். ராம் போதாமல் ஹார்ட் டிஸ்க் திணறி, அதன் விளக்கு அணையாமல் எரிந்தது. கார்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. காலையிலிருந்து அதற்கு ஒரு வேலையும் இல்லை.

"இன்னா சார், மிஷின் கோளாறா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"மிஷின் நல்ல மிஷின்தாங்க. இந்த மாதிரி கார்டு ஜில்லாவுலயே கெடையாது. அக்காவுக்குத்தான் இன்னும் கை பழகல" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "ஆமாங்க, எங்கியோ தப்பா அமுத்திட்டேன் போல" என்றார். கடையில் ராம் இருந்தது. அடுத்த பஸ்ஸில் போய் எடுத்து வந்திருந்தால் ராத்திரிக்குள் சிடி போட்டிருக்கலாம். எடுத்து வந்தால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். எனக்குப் பயமாக இருந்தது. வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

மாப்பிள்ளை சிடி இல்லாமலே விமானம் ஏறினார். அதன்பிறகு அந்த ஊரில் யாரும் அக்காவை நம்பி மிக்ஸிங் கொடுக்கவில்லை. கேசட்டுகள் மறுபடி வேலூருக்குப் போகத் தொடங்கின.

ஆறு வருடம் கழித்து வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அக்காவைப் பார்த்தேன். கூட மகள். ப்ளஸ் ஒன் சேருவதற்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். குரூப் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"கம்ப்யூட்டர் சயின்ஸுதான் வேணும்னு நிக்கிறா. நம்ம மண்டைக்கு அது ஏறாதுடின்னா கேக்க மாட்டேங்குறா. நீங்களே சொல்லுங்க தம்பி. நான் ஆறு மாசம் படிச்சிக் கிழிச்சத நீங்கதான் கண்ணால பாத்தீங்களே" என்றார்.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் எழுதியிருந்தது சரி, என் ஆசைக்காகத்தான் ராமைக் குறைத்தேன், உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை என்றேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா சிரித்தார். "பாத்தியாடி, என் மனசு நோகக் கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கிறாரு. அன்னைக்கும் ஒரு போன் பண்ணதுக்கு அவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தவரு" என்றார்.

"இல்லக்கா, நெஜமாத்தான் சொல்றேன்."

"சரி வுடுங்க தம்பி" என்று சொல்லி, என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி மகளிடம் கொடுத்தார். அவள் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காமர்ஸ் என்று எழுதினாள்.