மத்தாலேனாவின் மாலை ஜெபம்

சாயங்கால ஜெபத்துக்குச் சங்கு ஊதினால் அந்தத் தீவு ஊர் அடங்கிவிடும். தூண்மேல் கூரை மட்டும் நிற்கும் சுவரில்லாத வீடுகளில் அவரவர் பாயில் உட்கார்ந்து, அவரவர் ஆண்டவரிடம் முணுமுணுப்பார்கள். மத்தாலேனாவுக்கு மட்டும் முணுமுணுக்கத் தெரியாது. எதிர்வீட்டைப் பார்த்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"ஆண்டவரே, எதிர்வீட்டுச் சிலிவாவை மறந்துடாதீங்க. என் இயோசெஃபோவைக் கொன்னவனைப் பெத்த வயிறு அது. அவ அடுப்புல போடுற சீமைப்பலா வேகவே கூடாது. அவ கண்ணு காயவே கூடாது. ஆமென்."

மற்றபடி அவள் நல்லவள்தான். விதவை. கோவில் பாட்டுக்குழுவில் தேன் சொட்டும் குரல். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுத் தேங்காய்ப்பால் கீரைக்கு ஊரே அடித்துக்கொள்ளும். ஆனால் சிலிவாவின் மகன் தவித்தா குடித்துவிட்டு வண்டியை மரத்தில் மோதி, பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய ஒரே பிள்ளையைச் சாகடித்தானே! அவன் சிறைக்குப் போனதோடு கணக்குத் தீர்ந்ததென்று அந்தக் குடும்பம் வீட்டிலேயே இருந்துவிட்டது. ஊர் வழக்கப்படி இழவு வீட்டு வாசலில் தலைமேல் பாய் போர்த்தி உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வரவேயில்லை. மத்தாலேனாவுக்கு ஆறாத இடம் அதுதான்.

போதகர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "மனசுல நிறைஞ்சிருக்கிறதுதான் வாயில வழியும்னு இயேசு சொல்லியிருக்காரு, மத்தாலேனா. உன் ஜெபத்தைக் கேட்டா எனக்கே பயமா இருக்கும்மா."

"பயப்படுங்க போதகரே. கேக்க வேண்டியவளும் பயப்படட்டும்னுதான் சத்தமா ஜெபிக்கிறேன்."

தவித்தா விடுதலையாகப் போகிறான் என்று செய்தி வந்த வாரம், ஒரு விடியற்காலையில் சிலிவா வந்தாள். மத்தாலேனாவின் வாசலில் மண்டியிட்டு, நல்ல பாய் ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். புருஷனும் பின்னால் குனிந்து உட்கார்ந்தான்.

குடும்பத் தலைவரான அண்ணன் துயிலா உள்ளே வந்தார். "செத்தது உன் புள்ள, தங்கச்சி. பாயை எடுத்தா மன்னிச்சதா அர்த்தம். எடுக்கிறதும் விடுறதும் உன் இஷ்டம். எடுக்கலேன்னா ஊர்ச்சபை அந்தப் பையனை உள்ள விடாது. குடும்பமே மூட்டை கட்டணும். ஊரு உன்னைக் கல்நெஞ்சுக்காரின்னு சொல்லும், பாத்துக்க."

அவள் கோகோவை ஆற அமரக் குடித்தாள். வெயில் ஏறட்டும் என்று இன்னொரு கோப்பையும் குடித்தாள். பாய்க்கடியில் சிலிவா வேகிறாள் என்று நினைக்க நினைக்க உள்ளம் குளிர்ந்தது. ஒரு யோசனையும் பிறந்தது. பாயை எடுப்போம், நல்ல பேர் வாங்குவோம். அப்புறம் பிள்ளை வரட்டும். அம்மாவும் மகனுமாகச் சேர்ந்து தினமும் என் ஜெபத்தைக் கேட்கட்டும்.

வெளியே வந்தாள். ஊர் கூடியிருந்தது. பாட்டுக்குழுக் குரலை எடுத்தாள்.

"சிலிவா, கண்ணு, என் மனசுல ஒண்ணுமே இல்லம்மா. ஆண்டவர் என்னை மன்னிச்சாரு, நான் உன்னை மன்னிச்சேன். எழுந்திரு."

துயிலா கண்ணைத் துடைத்தார். மத்தாலேனா குனிந்து பாயைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. உள்ளேயிருந்து சிலிவா இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நான் எழுந்திருக்க மாட்டேன் அக்கா. தினமும் உங்க மனசைக் கேட்டுட்டுத்தான் நான் படுக்கிறேன். அது இந்தக் குரல் இல்ல. அந்தக் குரல்லயே பேசுங்க. பேசி முடிக்கிற வரைக்கும் இருக்கேன்."

மத்தாலேனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் மடை உடைந்தது.

"வெக்கங்கெட்டவளே! இப்ப உன் புள்ள வரான்னதும் பாய் ஞாபகம் வந்துச்சா? என் புள்ளையை மண்ணுல வச்சப்ப எங்கடி போன? எதுத்த வீடுதானே, நாலு எட்டு வைக்கக் கால் இல்லையா? உன் மகன் திரும்பி வருவான்டி! என் மகன்?"

மத்தாலேனா மூச்சிரைக்கத் திட்டினாள். திட்டத் திட்டக் குரல் கம்மியது. இத்தனை நாள் ஜெபத்தில் அவள் அழுததே இல்லை. இப்போது வாசலில், எல்லார் முன்னாலும், மூக்கு ஒழுக அழுதாள். இன்னொரு சாபம் தேடினாள். மகன் பேர் மட்டும்தான் வந்தது.

மறுபடி பாயைப் பிடித்தாள். இந்தத் தடவை சிலிவா விட்டுக்கொடுத்தாள். வேர்வையில் நனைந்த முகம், அழுது வீங்கிய கண்.

"உன்னை எனக்குப் பிடிக்கல, சிலிவா," என்றாள் மத்தாலேனா, கரகரத்த குரலில். "உள்ள வா. கோகோ இருக்கு."

"இதை நம்புறேன் அக்கா," என்று சொல்லி சிலிவா எழுந்தாள்.