கூடுதலாக ஒரு நாற்காலி

நாற்காலியைத் தூக்கித்தான் வைப்பார். ஒருநாளும் இழுக்க மாட்டார். புதன்கிழமை இரண்டு மணிக்குள் மாடி அறையில் மாணவர்களுக்குப் பன்னிரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டாக வேண்டும். அந்த அறைக்கு நேர் கீழே என் நூலகம். இரும்புக் கால் தரையில் உரசினால் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு என்று, ஒவ்வொன்றையும் இடுப்போடு அணைத்துக் கொண்டுபோய் வைக்கிறார். ஆறு வருடமாக அவர் போட்ட நாற்காலி எதுவும் என் காதில் விழுந்ததில்லை. வட்டம் போட்டு, மேசையில் தண்ணீர் வைத்து, பிள்ளைகளும் ஆசிரியரும் உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்குவார். அந்தச் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சாவியக்கா. எங்கள் சின்னக் கல்லூரியின் அத்தனை அறைச் சாவியும் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்குகிறது. திறப்பது, கூட்டுவது, வகுப்பு முடிந்ததும் கரும்பலகை துடைப்பது அவர் வேலை. துடைக்கும் முன் ஒருமுறை படித்துவிடுவார். பிடித்திருந்தால் பழைய டைரி ஒன்றில் எழுதிக்கொள்வார். “தொண்டை கிழியக் கத்தி எழுதிட்டுப் போறாங்க. படிக்காம எப்படி சார் அழிக்கிறது?” என்பார்.

ஒருநாள் அந்த டைரியை என் மேசையில் விரித்தார். உயிரியல் பலகையில் இருந்த ஒரு கோடு, பொருளியல் பலகையில் இருந்த ஒரு கோடு. இரண்டும் மெல்லக் கிளம்பி, சட்டென்று ஏறி, உச்சியில் படுத்துவிட்டன. “ஒண்ணு காய்ச்சல் பரவுறது, ஒண்ணு செல்போன் பரவுறது. ரெண்டும் ஒரே கோடு சார். ரெண்டு வாத்தியாரும் பக்கத்துப் பக்கத்து ரூம். ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியல.” எனக்கும்தான் தெரியவில்லை. இத்தனைக்கும் இரண்டு பாடத்துக்கும் அலமாரி அலமாரியாகப் புத்தகம் அடுக்கி வைத்திருக்கிறேன்.

சாவியக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. கணவர் வேன் ஓட்டுகிறார். பதினொன்றாம் வகுப்பில் ஒரு மகள்; “அம்மா, ஹோம்வொர்க் முடிச்சியா?” என்று அதட்டுவது அவள்தான். இங்கேயே மாலை வகுப்பில் சேர்ந்து முதல் வருடத்தை நல்ல மார்க்கோடு முடித்தார். இரண்டாம் வருடத்தில் யார் வேண்டுமானாலும் ஆனர்ஸ் பிரிவுக்கு மனுப் போடலாம். நாலைந்து துறைகளைச் சேர்த்துப் படிக்கிற பிரிவு, பன்னிரண்டே இடம்; புதன்கிழமை வட்டம் அந்தப் பிரிவுக்குத்தான். அந்த இரண்டு கோடுகளைப் பற்றி ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தார். நேர்முகத் தேர்வுக்குப் போனார். பட்டியலில் நாலாவது பெயர் அவருடையது. கணவர் அந்தப் பட்டியலைப் படமெடுத்து வேனில் ஒட்டிக்கொண்டார்.

முதல் புதன்கிழமை வழக்கம்போல் வட்டம் போட்டார், தண்ணீர் வைத்தார், எல்லோரும் உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்துவிட்டார். நூலக வாசலில்தான் உறைத்திருக்கிறது. “ஐயையோ, நானும் உள்ள இருக்கணும்ல சார்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். திரும்ப ஓடினார். உள்ளே வருகைப் பதிவு வாசிக்கிற குரல். கல்லூரிக் கதவு அத்தனையும் திறக்கிறவருக்கு, பூட்டாத அந்த ஒரு கதவைத் தள்ளக் கை வரவில்லை. ஆப்சென்ட். மூன்று ஆப்சென்ட் விழுந்தால் பெயர் போய்விடும், அதுதான் விதி.

சிரித்துக்கொண்டே இதை எழுதலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த வாரம் நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. புதன் மதியம் மூன்று மணி நேரம் வேலையை மாற்றிக் கொடுங்கள் என்று அவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பரிசீலனையில் இருக்கிறதாம். இந்த முறை நாற்காலி போட்டுவிட்டு உள்ளேயே நின்றிருக்கிறார். ஆனர்ஸ் பொறுப்பாளர் தங்கமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை. “டியூட்டி நேரத்துல அட்டெண்டன்ஸ் போட முடியாதும்மா. நீங்க எப்படியும் இந்த ரூம்லதானே இருக்கீங்க, ஓரமா நின்னு கேட்டுக்கங்களேன்” என்றாராம். பிறகு வட்டத்தைப் பார்த்து, “ஒரு சேர் கூடுதலா இருக்கு பாருங்க, எடுத்துடுங்க” என்றாராம்.

சாவியக்காவின் நாற்காலியை அவரையே எடுக்கச் சொல்லியிருக்கிறார்! எடுத்தார். தூக்கித்தான் எடுத்தார், எனக்குச் சத்தமே கேட்கவில்லை. நடைக்கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சுவரோரம் நின்றிருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனேன். ‘துறைச் சுவர்களை உடைப்போம்’ என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறீர்களே, எல்லாத் துறைக் கதவுக்கும் சாவி வைத்திருக்கிற ஒரே மாணவியை நிற்க வைத்துவிட்டு எந்தச் சுவரை உடைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். “அவங்களே சரின்னுட்டாங்களே சார்” என்றார் அந்தத் தங்கம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொன்ன சரி அது. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எப்படித்தான் மனசு வருகிறதோ! நானும் பெரிய வீரன் இல்லை. கத்திவிட்டு இறங்கி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது புதன் காலையில் நூலகத்தைத் திறந்துவிட வந்தார். அலுவலகத்திலிருந்து பதில் வந்ததா என்றேன். “வரல சார்” என்றார். மகள் அட்டை போட்டுக் கொடுத்த புது நோட்டு ஒன்று கையில் இருந்தது.

இரண்டு மணிக்குப் பிள்ளைகள் படியேறினார்கள். பொறுப்பாளர் ஏறினார். வருகைப் பதிவு வாசிக்கிற குரல் கேட்டது. அப்போதுதான் நடைக்கோடியில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. இரும்புக் கால் தரையைக் கிழித்துக்கொண்டு வந்தது, அவசரமே இல்லாமல், நடை முழுக்க. வாசற்படியில் ஒருமுறை இடித்தது. அறைக்குள் நுழைந்தது. கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் புத்தகத்தை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். என் தலைக்கு நேர் மேலே வந்ததும் சத்தம் நின்றது.

கதவு சாத்தப்பட்டது. படியில் செருப்புச் சத்தம் இறங்கி வரவில்லை.