உருளாத எலுமிச்சை

கல் உப்பைத் தூவி, பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்துப் பிடித்து, பலகைமேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள் அக்கா. பாத்திரம் விளக்க ஆள் இருக்கிறது, கடை கூட்ட ஆள் இருக்கிறது. காய் நறுக்கும் பலகையை மட்டும் வேறு கை தொடக் கூடாது. "என் பலகையக் கழுவ வர்றதும் என் மூஞ்சியக் கழுவ வர்றதும் ஒண்ணு" என்பாள்.

அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை. என் பூட்டு ரிப்பேர்க் கடையை ஒட்டி அவளுடைய சாப்பாட்டுக் கடை. நடுவில் ஒரு தட்டிதான். ஒட்டுக்கேட்கிற சிரமமே எனக்குக் கிடையாது.

மூன்று விரல் கனமான மரம். ஒருநாளும் ஊறப் போட மாட்டாள். தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிழலில் நெட்டுக்குத்தலாக நிறுத்துவாள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய் தடவல். அதை என் மூக்கருகே நீட்டி, "வருதா வெங்காய வாடை? மனசத் தொட்டுச் சொல்லு" என்பாள். வராது. காலையில் அதன் ஓரத்தில் ஒரு முழு எலுமிச்சையை வைத்துக் கையை எடுப்பாள். பழம் வைத்த இடத்திலேயே நின்றால் தெருவையே விலைக்கு வாங்கியவள் போல ஒரு பார்வை.

போன வாரம் பழம் நடுவுக்கு ஓடியது.

அக்கா மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை செய்த உபகாரம் அது. நல்ல பேர் வாங்க நினைத்து, மாமியார் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பலகையை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி உச்சி வெயிலில் மல்லாத்திவிட்டார். வெயில் குடித்த பக்கம் குழிந்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டன. கத்தியை இறக்கினால் டொக்கு டொக்கென்று ஆட்டம்.

மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? பலகையைத் திட்டினாள்.

"ஏண்டி, மகாராணிக்கு வெந்நீர்க் குளியல் கேக்குதோ? வெயில் காயலேன்னு யார் அழுதா?"

"அம்மா, பலகையத்தானே திட்டுற?" என்றாள் மகள்.

"பின்ன? இங்க வளைஞ்சு நிக்கிறது அது ஒண்ணுதானே!"

வளைந்து நின்று கை கழுவிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார். "புதுசு ஒண்ணு வாங்கியாந்துடறேன், அத்தை."

"எதுக்கு மாப்பிள்ளை? வளைஞ்சதையெல்லாம் தூக்கிப் போட்டா வீட்ல யாரு மிஞ்சுவா?"

குழிந்த பக்கத்தை ஈரத்துணிமேல் கவிழ்த்து, அரிசி மூட்டையைத் தூக்கி மேலே ஏற்றினாள். அது நேராகும்வரை இரவல் பலகையில் நறுக்கினாள், இரவல் செருப்பில் நடப்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். "இனிமே எங்கம்மா கடையில எதையும் தொட மாட்டேங்கிறார், மாமா" என்று மகள் என் கடையில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள்.

இன்று காலை தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "இங்க வந்து பாருய்யா!" என்று ஒரு சத்தம். ஓரத்தில் வைத்த பழம் அசையவில்லை. "மரத்துக்கு நான் யாருன்னு தெரியும்" என்றாள். எனக்கே அந்தப் பலகையைப் பெற்றவன் போல நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

சாயங்காலம் மகளை அழைத்துப் போக வந்த மாப்பிள்ளை வாசலோடு நின்றுகொண்டார். அக்கா பலகையில் உப்பைத் தூவினாள். எலுமிச்சையை நறுக்கினாள்.

"மாப்பிள்ளை, உள்ள வாங்க."

பாதிப் பழத்தை அவர் கையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் பயந்து பயந்து தேய்க்க ஆரம்பித்தார். அக்கா தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இறுக்கிச் சுருட்டிக்கொண்டாள், அவை பாய்ந்து பிடுங்கிவிடாதபடி.